வேப்பிலை செருகும் முன்பே

திருச்செந்தூர்ப் பக்கம் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியார் வராதிருக்க அது நல்ல அறிவிப்பு. ஆனால் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருந்தால் வேப்பிலை வரை காத்திருக்க முடியாது.

நான் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன். மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காதிருக்க, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறேன். சின்னம்மைத் தடுப்பூசியில் வலுக்குறைத்த உயிர்க்கிருமி இருப்பதால் எனக்கு அதைப் போடவும் கூடாது.

சென்ற ஆண்டு என் மகளின் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அம்மை. அன்று மாலையே அவள் ஆசிரியை தகவல் சொன்னார். மருத்துவர் சொன்னபடி 8ஆம் நாள் முதல் அண்ணன் வீட்டில் தங்கினேன். 14ஆம் நாள் மகளுக்குக் கொப்புளம் தெரிந்தது. "எப்பம்ப்பா வருவிய?" என்று போனில் அழுதாள். பொருக்கெல்லாம் காய்ந்த பிறகே வீடு திரும்பினேன். எனக்குத் தொற்றவில்லை.

வகுப்பில் அம்மை என்றால், குழந்தையின் பெயரைச் சொல்லாமல், அன்றே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். பொருக்கு காயும்வரை அக்குழந்தையை வருகைக்காக வற்புறுத்தாதீர்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.