சொல்லிக் கொடுத்தவர்களுக்குப் பட்ட கடன்

 

பட்டம் பெறும் அன்பு மாணவ மாணவியரே, நீங்கள் இந்த மேடை வரை வந்தது மதிப்பெண்களின் மேல் ஏறித்தான். அதனால் மதிப்பெண் போட முடியாது என்று நாட்டையே விட்டுப்போன ஒரு பேராசிரியரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் காத்லீன் கஃப். 1925இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மானிடவியல் படித்து முனைவரானவர். 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் 1966இல் அந்த விலக்கைத் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, மாணவன் வகுப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறான் என்பதையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துகிறார். ஒரு பையனுக்குக் குறைந்த மதிப்பெண் விழுகிறது. நம் ஊரில் என்றால் அவன் மறுதேர்வு எழுதுவான். அங்கே அவன் துப்பாக்கியோடு வியட்நாமுக்கு அனுப்பப்படலாம். அங்கே சாகலாம், அல்லது யாரையாவது கொல்லலாம். ஆசிரியரின் சிவப்பு மை அந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி. தன் மதிப்பெண் அந்த வேலைக்குப் பயன்படுவதைக் கஃப் ஏற்கவில்லை. 1967இல் அவரும், மானிடவியலாளரான அவர் கணவர் டேவிட் அபெர்லேயும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1966இல் பிட்ஸ்பர்க் நகரில் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் நடந்தது. நேபாம் குண்டுகளையும், பயிரையும் காட்டையும் கருக்கும் ரசாயனங்களையும், கைதிகளைச் சித்திரவதை செய்வதையும் கண்டிக்கும் தீர்மானத்தை இந்தத் தம்பதி முன்னின்று கொண்டுவந்தார்கள். இது அரசியல், நம் அறிவியலை வளர்க்கும் வேலை அல்ல என்று தலைமை தடுக்கப் பார்த்தது. அப்போது மைக்கேல் ஹார்னர் என்ற மானிடவியலாளர் எழுந்து, இன அழிப்பு நம் தொழிலுக்கு நன்மை அல்ல என்ற பொருளில் பேசினார். விவாதம் திரும்பியது, தீர்மானம் நிறைவேறியது. மக்களைப் படிப்பதுதான் எங்கள் மானிடவியல் துறை. அந்த மக்களே இல்லாமல் போனால் எதைப் படிப்பது? என் வகுப்புகளில் ஆண்டுதோறும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இப்படிப் பேசிவந்ததற்குக் கஃப் கொடுத்த விலை பெரியது. ஓரிகனுக்கு வருவதற்கு முன்பே, 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, பிரண்டைஸ் பல்கலைக்கழக மாணவர் கூட்டத்தில் அமெரிக்க அரசின் போக்கை எதிர்த்துப் பேசினார். நிர்வாகம் கண்டித்தது, அங்கிருந்து வெளியேறினார். எஃப்பிஐ அவர் பெயரில் கோப்பு வைத்துக் கண்காணித்தது. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1969இல் துறை ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக அந்த வேலையும் போயிற்று. நிரந்தரப் பேராசிரியர் பதவி அதன் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. 1990இல் வான்கூவரில் இறக்கும் வரை எழுதினார்.

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? என் கணிப்பில், பெரும்பகுதி நம் தஞ்சாவூரிலிருந்துதான்.

1940களின் கடைசியில் மலபாரில் நாயர்களின் தாய்வழிக் குடும்பங்களை ஆராய்ந்தவர், 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் தங்கினார். தன் நூல்களில் அவற்றுக்குக் கும்பாபேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் வைத்தார். பண்ணையாள் முறை நடப்பில் இருந்த காலம் அது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் காவிரி டெல்டாவில் அப்போது பழங்கதை ஆகிவிடவில்லை. குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 1952இல்தான் வந்தது. அவர் எழுதிய பக்கங்களில் சாதியைப் பற்றிய சடங்கு விவரங்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு நெல் கூலி, களத்தில் அளந்த நெல் எந்த வீட்டுக்குப் போயிற்று என்ற கணக்கும் உண்டு. சடங்கை மட்டும் எழுதிவிட்டுக் கூலியை விட்டுவிட்ட ஆய்வுகள் ஏராளம். அவர் விடவில்லை.

நான் டெல்டாக்காரன். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அவருடைய நூல் எங்கள் துறை நூலகத்துக்கு வந்தது. நானும் நண்பர்களும் கும்பாபேட்டை உண்மையில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். வாய்க்கால், கோவில், ரயில் பாதை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, வரைபடத்தை மெதுவாக மடித்து வைத்தார். "அந்த அம்மா பெயரை மறைத்தது, சொன்னவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகப்பா. நீங்கள் அதைத் திறக்காதீர்கள்" என்றார். ஆராய்ச்சி நெறி பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

கஃப் 1976இல் அதே இரண்டு கிராமங்களுக்கும் திரும்பிப் போனார். இடையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். பசுமைப் புரட்சி வந்து விளைச்சல் கூடியிருந்தது. ஆனால் அந்தப் பலன் கூலித் தொழிலாளர் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவர் பழைய கணக்கோடு புதிய கணக்கை வைத்துக் காட்டினார். அந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம். விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். கிராமத்தைப் பற்றிப் பேசும்போது உழவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள், இந்த 96 லட்சம் பேரை விட்டுவிடுகிறார்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது செங்கல் சூளைக் குடும்பங்களை ஆராய்ந்தேன். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், வாரத்துக்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். பிறகு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. அந்தக் குடும்பங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எழுத்தில் இருந்தது என் குறிப்பேட்டில் மட்டும்தான். ஆய்வாளன் சாட்சி சொல்லப் போகக்கூடாது என்று துறையில் மூத்தவர் ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். நான் அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்டேன். ஓர் அம்மா, "நாங்க சொன்னதைத்தானே சார் எழுதினீங்க, அங்க போய் அதைப் படிங்க" என்றார். போய்ப் படித்தேன். அவர்களுக்கு விடுதலைச் சான்று கிடைத்தது. என் பெயரில் வந்த எந்தக் கட்டுரையும் தராத நிறைவை அந்தத் தாள் எனக்குத் தந்தது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் 2021-22இல் 47 விழுக்காடாக இருந்தது. நாட்டின் சராசரி அப்போது சுமார் 28தான். எனக்கு இதில் மிகுந்த பெருமை உண்டு. இவ்வளவு பேர் படித்த ஒரு சமூகத்தில், அநியாயம் நடக்கும்போது அதைக் கணக்கோடு எழுதி வைக்கவும், கேட்கிற இடத்தில் எழுந்து சொல்லவும் ஆள் பஞ்சம் இருக்கக்கூடாது. மானிடவியல் படித்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. மண்ணைச் சோதித்தவரும் மருந்தகத்தில் பயிற்சி எடுத்தவரும் கணினியில் தரவு சேர்த்தவரும் யாரோ ஒருவருடைய வாழ்க்கையிலிருந்துதான் தகவல் எடுத்திருக்கிறீர்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆய்வேட்டுக்காகவோ திட்டப்பணிக்காகவோ நீங்கள் போன ஊருக்கு, இந்தப் பட்டத்தோடு இந்த மாதமே திரும்பிப் போங்கள். உங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவர்களை உட்கார வைத்து, நீங்கள் கண்டுபிடித்ததைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தப்பு என்று அவர்கள் சொன்னால் திருத்துங்கள். உதவி கேட்டால் செய்யுங்கள்.