முதியோர் விடுதியும் சட்டமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் பலர் தம் பெற்றோரை, மாதப் பணம் கட்டும் முதியோர் விடுதிகளில் விட்டிருக்கின்றனர். அதனைக் குறைகூற நாம் வரவில்லை. சென்ற மாதம் அத்தகைய விடுதியொன்றில் நம் குலத்து மூதாட்டியார் ஒருவரைக் கண்டோம். முதுகிற் படுக்கைப் புண். தண்ணீர்ச் செம்போ கைக்கெட்டாத தூரத்தில். புதல்வரிடம் தெரிவித்தபோது, "மாதந் தவறாமற் பணம் கட்டுகிறேனே" என்றார். அப்பணமே வழக்கிற்கு ஆதாரமென்பதை அவர் அறியார்.

பணம் பெற்றுச் செய்யும் பணியிற் குறை நேரின், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா ஆணையத்தில் நஷ்டஈடு கோரலாம். இரண்டு வருஷத்திற்குள் மனுச்செய்தல் வேண்டும். ரசீது, வைத்தியர் சீட்டு, தேதியிட்ட புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. (கோபத்தில் ரசீதைக் கிழித்தெறிவோரும் நம்மில் உண்டு!)

பராமரிக்கும் பொறுப்புடையோர் முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச்சென்றால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஜீவனாம்சத்திற்குக் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தை நாடலாம்; இயலாதவர் சார்பில், அவர் அதிகாரமளித்த பதிவுபெற்ற சங்கமும் மனுச்செய்யலாம். தானசாசனம் எழுதுவோர், "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்னும் நிபந்தனையை அதிலேயே எழுதிவைப்பாராக. அது தவறினால் சாசனத்தை ரத்துச்செய்யக் கோரலாம்.

அம்மூதாட்டியாருக்கும் மனு எழுதியாயிற்று. "பையனுக்குக் கெட்ட பெயர் வரும்" என்று அவர் கையொப்பமிட மறுக்கிறார். மனு விடுதியார்மீதேயன்றிப் புதல்வர்மீதன்று என்பதை விளக்க, நாளை மறுபடியும் செல்கிறோம்.