கொட்டிலுக்குள் ஒரு கலையகம்



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றில் சீமெந்துக் கல்லையும் தும்பையும் கதவு றப்பரையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் படிப்பிக்கும் ஒருவருக்கு மேசன் வேலையில் என்ன அக்கறை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த அக்கறை வந்த கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய பெரியம்மா தாலாட்டும் ஒப்பாரியும் நன்றாகப் பாடுவார். செத்த வீட்டில் அவர் குரல் எழும்போது முற்றத்தில் இருக்கும் ஆண்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வாய்மொழி இலக்கியம் பற்றி வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்திய எனக்கு, வீட்டிலிருந்த அந்த இலக்கியத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் பிந்தித்தான் வந்தது. ஒரு விடுமுறை நாளில் அவரை விறாந்தையில் இருத்தி இரண்டு மணித்தியாலம் பாட வைத்து ஒலிப்பதிவு செய்தேன். அன்றிரவு போட்டுக் கேட்டபோது முதலிற் கேட்டது அயல் வீட்டுத் தண்ணீர்ப் பம்பு. அடுத்தது காகம். பிறகு ஓட்டோ. எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ தூரத்தில், பெரியம்மா. நேரே இருந்து கேட்கும்போது நமது மனம் வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிடுகிறது. ஒலிவாங்கிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

"அதுக்கென்ன தம்பி, இன்னொரு நாளைக்குப் பாடுவம்" என்றார் பெரியம்மா. அந்த இன்னொரு நாள் வரவில்லை.

அவரது அந்திரட்டி முடிந்த கிழமை, எங்கள் வளவின் பின்பக்கத்தில் நின்ற கார்க் கொட்டிலைத் திறந்து பார்த்தேன். மாமாவின் ஒஸ்ரின் ஏ 40 கார் ஒரு காலத்தில் நின்ற இடம். காரை விற்ற பிறகு விறகும் கிடுகும் அடுக்கியிருந்தோம். மூன்று பக்கம் சீமெந்துக் கற்சுவர், முன்பக்கம் இரட்டைப் பலகைக் கதவு, மேலே தகரம். வீட்டிலிருந்து இருபது அடி தள்டித் தனி அத்திவாரத்தில் நின்றது. இந்தத் தனிமைதான் அதன் முதற் சிறப்பு. ஒலி காற்றில் மட்டும் வருவதில்லை. சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வரும். வீட்டோடு ஒட்டிய அறையென்றால் குசினியில் அம்மி அரைப்பதும் அறைக்குள் கேட்கும். தனியே நிற்கும் கொட்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

காரை நிறுத்தும் இடத்திற் கலையகமா என்று நண்பர்கள் சிரித்தார்கள். அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் பெரி கோர்டி என்பவர் 1959 இல் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதன் கராஜைக் கலையகமாக்கினார். மோட்டவுண் என்று உலகம் அறிந்த இசை அங்கேதான் பிறந்தது. ஸ்ரீவி வொண்டரும் மார்வின் கேயும் பாடிய அந்த இடம் இப்போது நூதனசாலையாக இருக்கிறது. இதைச் சொன்ன பிறகும் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனாலும் இருவர் கல் சுமக்க வந்தார்கள்.

அளவு எடுக்கும்போது எனக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஞாபகத்துக்கு வந்தது. மாதவி ஆடிய அரங்கை இளங்கோவடிகள் கோல் கொண்டு அளந்தே காட்டுகிறார். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தளத்தின் உயரம் 1 கோல், தளத்திலிருந்து மேலுள்ள பலகை வரை 4 கோல். வாயில்கள் இரண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை. இத்தனை காலமாக இந்தப் பகுதியை மாணவருக்கு அவசரமாகச் சொல்லிக் கடந்திருக்கிறேன். கலைக்கு முன்னால் இடத்தைச் செய்ய வேண்டும் என்ற கருத்து, கையில் அளவு நாடாவோடு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் நிழல் விழாத அரங்கைச் சொன்னார். நான் தேடியது சத்தத்தின் நிழல் விழாத அரங்கு.

சத்தத்தைத் தடுப்பது கனம். சுவரின் கனத்தை இரட்டித்தாலும் ஏறத்தாழ 6 டெசிபெல் அளவுதான் கூடுதலாகத் தடுக்கும். ஆகவே ஒரே சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு போனாற் பணம் கரையும். இரண்டு சுவர்களை ஒன்றையொன்று தொடாமல், இடையிற் காற்று விட்டு நிறுத்தினால் குறைந்த செலவிற் கூடுதலான பயன் உண்டு. முன்பக்கத்து அகலக் கதவை எடுத்து, அந்த இடத்தைக் கல்லால் அடைத்தோம். சீமெந்துக் கல்லின் பொள்ளலுக்குள் மணல் நிரப்பினோம். கல்லில் நுண்துளைகள் இருப்பதால் இருபுறமும் பூச்சுப் பூசினோம். உள்ளே, வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மரச்சட்டம் நிறுத்தி, அதன் மேல் இரண்டு அடுக்குப் பலகை அறைந்தோம். சட்டங்களின் இடையே தும்பு. உட்கூரையும் இந்த உட்சட்டத்தின் மேலேயே தங்கியது. தகரத்தைத் தாங்கும் வளைகளைத் தொடவில்லை. சுருங்கச் சொன்னால் அறைக்குள் ஓர் அறை.

மேசன் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் மாஸ்ரர் ரெண்டு சுவர்? கள்ளனுக்கோ, காத்துக்கோ?" என்றார்.

"சத்தத்துக்கு அண்ணை" என்றேன்.

"அப்ப கதவை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விதான் முழு வேலையிலும் முக்கியமான கேள்வி. தண்ணீர் கசியும் ஓட்டை வழியாக ஒலியும் வரும். எவ்வளவு தடித்த சுவரென்றாலும் கதவின் கீழ் ஒரு விரல் இடைவெளி இருந்தால் அத்தனையும் வீண். பழைய வீடொன்றை இடித்த இடத்தில் இரண்டு கனமான வேப்பமரக் கதவுகள் மலிவாகக் கிடைத்தன. வெளிச்சுவரில் ஒன்று, உட்சுவரில் ஒன்று. நிலையைச் சுற்றி றப்பர், அடியில் ஒரு படி. யன்னல் வைக்கவில்லை.

யன்னல் இல்லாத அறை எங்கள் வெயிலில் சூளைதான். காற்று வரவும் போகவும் பலகையால் இரண்டு பெட்டிகள் செய்து, உள்ளே தும்பு ஒட்டி, வழியை மூன்று முறை வளைத்தோம். காற்று வளைந்து வளைந்து வந்துவிடும். ஒலி ஒவ்வொரு வளைவிலும் தும்பில் மாட்டிக் களைத்துப்போகும். மெதுவாகச் சுற்றும் மின்விசிறி ஒன்று உண்டு; பாடும்போது அதை நிறுத்திவிடுவோம். இரைகின்ற குழல் விளக்கையும் கழற்றினோம். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் வெல்ல முடியவில்லை. தகரத்தில் மழை கொட்டினால் அன்று ஒலிப்பதிவு இல்லை.

நூறு ரூபா செலவென்றால் அதில் 70 ரூபா சுவருக்கும் கூரைக்கும் கதவுக்கும் போயிற்று. 20 ரூபா காற்றுக்கும் மின்சாரத்துக்கும் உள்வேலைக்கும். மீதி 10 ரூபாவில்தான் ஒலிவாங்கியும் பாவித்த கணினி ஒன்றும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுபவர்களே அதிகம். முதலில் விலையுயர்ந்த ஒலிவாங்கியை வாங்கிவிட்டு அயல் வீட்டு நாயைத் துல்லியமாகப் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினாற் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. முட்டைத் தட்டு வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமே இல்லை. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். தும்பும் எரியக் கூடியதே. ஆகையால் மின்கம்பிகளைக் குழாய்க்குள் விட்டுத் தும்பிலிருந்து விலக்கியே கொண்டுபோனோம்.

வெளியே இருந்து வரும் சத்தம் ஒரு பிரச்சினை. உள்ளே எழும் எதிரொலி வேறொரு பிரச்சினை. இந்த இரண்டாவதை ஒரு விஞ்ஞானமாக ஆக்கியவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்த வாலஸ் சபைன். 1895 இல் அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. ஒருவர் சொன்ன சொல் ஐந்தரை வினாடி வரை மண்டபத்திற் சுற்றிக்கொண்டிருந்தது. சபைன் அயலிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிற் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. மனிதர் வந்து இருந்தாலும் குறைந்தது. மனித உடலும் உடையும் ஒலியைக் குடிக்கும் என்பதை அவர் கணக்கிட்டே காட்டினார்.

ஐந்தரை வினாடி என்பது தமிழுக்கு எத்தகைய இடர் என்று எண்ணிப் பாருங்கள். உயிரெழுத்துகள் உரத்து ஒலிப்பவை. மெய்களிற் பல மெலிந்தவை. எதிரொலி நிறைந்த அறையில் முன்னே சொன்ன நெட்டுயிரின் வால் பின்னே வரும் மெய்யின் மேல் விழுந்து மூடிவிடும். லகர ளகர ழகர வேறுபாட்டை அங்கே தேட முடியாது. உயிரும் மெய்யும் சேர்ந்துதான் மொழி என்று நாம் இலக்கணத்திற் படித்தது கட்டடத்துக்கும் பொருந்துகிறது.

இந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு நான் ஒரு பெரும் பிழை விட்டேன். உள்ளே சுவர் முழுவதும் தும்பு மெத்தை, அதன் மேற் துணி, தரையிற் கம்பளம். கை தட்டினால் தட்டியது போலவே இல்லை. பெருமையோடு முதல் ஒலிப்பதிவுக்கு ஓர் அண்ணாவியாரை அழைத்து வந்தேன். எழுபத்தெட்டு வயது. இளமையில் விடிய விடியக் கூத்தாடியவர். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து இரண்டு அடி பாடினார். நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். நிறுத்தினார்.

"என்ன அண்ணாவியார், தண்ணி ஏதும் வேணுமோ?" என்றேன்.

"தண்ணி வேண்டாம் தம்பி. ஆளில்லாத ஊரிலை நிண்டு பாடுற மாதிரி இருக்கு. என்ரை குரல் எனக்கே திரும்பி வரேல்லை."

நான் வெட்கப்பட்டேன். அயலார் சத்தத்தை அடைக்கப் போய், பாடுபவரின் குரலையும் அடைத்துவிட்டேன். அன்று பின்னேரமே பாதி மெத்தையைக் கழற்றி வெறும் பலகையை வெளியே காட்டினோம். கழற்றிய மெத்தையை நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை தடிப்பாக அடுக்கினோம். உள்ளே அறையின் அகலம் 3.4 மீற்றர். வினாடிக்கு நூறு தரம் அதிரும் ஓர் ஒலியின் அலைநீளமும் ஏறத்தாழ அதுவே. ஆண்குரலின் அடித்தொனி நிற்கும் இடம் அது. ஆதலாற் சில சுரங்கள் மட்டும் அந்த அறையில் வீங்கி இடித்தன. மெல்லிய துணியும் கம்பளமும் மேற்தொனியை மட்டும் குடித்துவிட்டு இந்த இடியை அப்படியே விட்டுவிடும். மூலையில் தடித்த தும்பு வந்த பிறகே அது அடங்கியது.

அடுத்த ஞாயிறு அண்ணாவியார் மறுபடி வந்தார். இம்முறை அவரோடு பழைய கூத்துக்காரர் மூவரையும், ஒரு பேரப்பிள்ளையையும் உள்ளே இருத்தினேன். பேசக் கூடாது, இருமக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. சபைன் சொன்னது போல அவர்களும் கொஞ்சம் ஒலியைக் குடித்திருப்பார்கள். அண்ணாவியாருக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றேகால் மணித்தியாலம் பாடினார். ஒலிவாங்கி இரண்டு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் நின்றது. இடையில் ஓரிடத்தில் ஒரு கிழவர் தம்மை மறந்து தொடையில் தாளம் போட்டுவிட்டார். அந்தச் சத்தம் பதிவில் இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.

நேயர்களே, எல்லோரிடமும் கார்க் கொட்டில் இருக்காது. ஒரு சிறிய அறையும் இரண்டு கனத்த கதவுகளும் பொறுமையான சில மனிதர்களும் ஓர் ஊருக்குள் நிச்சயம் கிடைப்பார்கள். பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ பாவிக்காத ஒரு களஞ்சிய அறை இருக்கும். அதை இந்த முறையில் மாற்றலாம். அதற்கும் முடியாதென்றால், பம்புகள் ஓய்ந்த பின்னிரவில், நாலு பேரை இருத்தி, உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்துவிட்டுப் பதியுங்கள். தொங்கும் உடுப்புகளும் எதிரொலியைக் கொஞ்சம் குடிக்கும். காத்திருக்க வேண்டாம். கட்டடம் காத்திருக்கும், குரல் காத்திருக்காது.

பெரியம்மாவின் அந்தப் பழைய பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. பம்பின் இரைச்சலுக்குள் அவர் பாடிய ஒரு தாலாட்டைப் பலமுறை கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். மூன்று அடிகளில் சொற்கள் பிடிபடவில்லை. அந்த மூன்று இடங்களிலும் புள்ளியிட்டு வைத்திருக்கிறேன். நிரப்ப எனக்கு உரிமை இல்லை.