மாணவரா, ஊழியரா? ஆஸ்பத்திரி கேட்கிறது
(கொச்சி தோப்பும்படியில் தமிழ்க் குடும்பங்களும் ஆராய்ச்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

துறைமுகத்தில் வேலை முடித்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தூத்தூர் சகோதரர்களே, வெளி தோபிக்கானாவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, களமசேரியிலும் பனங்காட்டிலும் ஆராய்ச்சி செய்யும் தம்பி தங்கைகளே!

"இளவயசு, உனக்கென்ன நோய் வரப்போகுது?" என்று கேட்காத பெரியவர் நம் வீடுகளில் உண்டா? டெங்குக் கொசு வயது பார்த்தா கடிக்கிறது? கொச்சிக் கொசுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவேலிப்படியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, எறணாகுளத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அங்கே படுக்கை கிடைக்காத இரவில், தனியார் வாசலில் நிறுத்தி "முன்பணம் கட்டுங்கள்" என்பார்களே, அந்த இரவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்த இரவுக்காகத்தானே காப்பீடு? 2017-ல் கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளிக்கு 'ஆவாஸ்' காப்பீட்டைக் கொண்டுவந்தது. சிகிச்சைக்கு 15,000 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்றார்கள். தொகை போதாது என்று சண்டை போடலாம், போடத்தான் வேண்டும். ஆனாலும் படகில் ஐஸ் சுமக்கும் அண்ணனுக்கென்று ஒரு திட்டம் வந்தது. அந்த அண்ணன் அனுப்பிய பணத்தில் படித்து, அதே கடலின் மீனை ஆராய வந்த தங்கைக்கு அது கிடையாது. ஏனென்றால் அவள் தொழிலாளி இல்லையாம்.

சரி, ஊழியரா? 2022-ல் கேரள அரசின் 'மெடிசெப்' காப்பீடு தொடங்கியபோது மாதம் 500 ரூபாய்க்கு 3 லட்சம் வரை சிகிச்சை கிடைத்தது, அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும். ஆராய்ச்சி மாணவர் அந்தக் கணக்கில் இல்லை. இஎஸ்ஐ காப்பீடு கேட்டால், அது சம்பளக்காரருக்கு. நீங்கள் வாங்குவது உதவித்தொகை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையோ மாதம் 37,000 ரூபாய். பையன் தேர்வில் ஜெயித்ததற்காக அப்பாவின் அட்டைக்கே ஆபத்து! மறுபக்கம், மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் தகுதித் தேர்வு இல்லாமல் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய். 2015-ல் அதையும் நிறுத்தப் பார்த்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி. மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த எட்டாயிரத்தில் விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போகும் ரயில் கட்டணம், பிறகு பிரீமியமும் கட்ட வேண்டுமாம்.

"தனியாக ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளேன்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். எடுக்கலாம். 2020 முதல் எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசியை விற்றாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்தின் மீது இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. நல்லது, எட்டு வருஷம் வாங்கிய பிறகாவது புத்தி வந்ததே! ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம் என்கிறது விதி. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலமும் மூன்று ஆண்டுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளை பட்டம் வாங்கிவிட்டு மூச்சு வாங்கட்டும் என்கிறீர்களா?

இன்னொன்றையும் கேளுங்கள், தாய்மார்களே. பெண் ஆராய்ச்சியாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு தரலாம் என்று யூஜிசி 2016-ல் விதி செய்தது. வரவேற்கிறேன். ஆனால் பிரசவச் செலவு? நான் சொன்ன அந்தப் பொதுப் பாலிசியில் மகப்பேறே கிடையாது. விடுப்பைக் கையில் கொடுத்து, பில்லை அவள் புருஷன் தலையில் கட்டுகிறார்கள். அவனும் ஆராய்ச்சி மாணவன் என்றால் என்ன ஆகும்?

பிரீமியம் அதிகம் என்பது பாதி உண்மை. நம் பிள்ளைகளை எந்தக் குழுவிலும் சேர்க்காமல் தனித்தனியாக நிறுத்தியிருப்பதுதான் முழுக் கோளாறு. ஆயிரம் பேர் சேர்ந்து எடுத்தால் நிறுவனத்தோடு பேரம் பேசலாம். பழைய நோய்க்கான காத்திருப்பைத் தள்ளச் சொல்லலாம், மகப்பேற்றைச் சேர்க்கச் சொல்லலாம். ஒற்றை ஆள் கேட்டால் எவன் பதில் சொல்வான்? பல ஐஐடிகளில் மாணவர் கட்டணத்தோடு குழுக் காப்பீட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். மருத்துவச் செலவுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம். இங்கே மத்திய அரசு ஊழியருக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தில் மகனுக்கு 25 வயதோடு கதவு சாத்துகிறார்கள். ஆராய்ச்சி சூடுபிடிக்கும் வயது அது!

ஆகவே நம் கோரிக்கை இது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆராய்ச்சி மாணவர் அனைவருக்கும் ஒரே குழுப் பாலிசி எடுக்க வேண்டும். பிரீமியத்தை உதவித்தொகை தருகிறவரே கட்ட வேண்டும். மாணவர் கையிலிருந்து பிடிக்கக் கூடாது. வெளிமாநிலத்தார் என்று ஒருவரையும் விலக்கக் கூடாது.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டண ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "காப்பீட்டு அட்டை எங்கே?" என்று கவுண்டரிலேயே கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு துணைவேந்தர் அறைக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.