ராத்திரி வாசல் சாவி எங்கே இருக்கிறது?

(தீ விபத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பது பற்றிய குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் மதரஸாப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டோம்: "ராத்திரி உங்க வீட்டு வாசல் சாவி எங்கே இருக்கும்?" "அத்தா தலையணைக்கு அடியில" என்றார்கள் சிலர். பலருக்குத் தெரியவே இல்லை. அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கிரில் கதவுக்கு இரண்டு பூட்டு. திருட்டுப் பயம், அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மவுத்தானார்கள். நாம் போய்வருகிற ஊர் அது. மூன்று ஆண்டு கழித்து 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணம் பள்ளியில் சமையல் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். இரண்டு இடத்திலும் வெளியே வர வழியில்லாததுதான் அத்தனை உயிரை வாங்கியது.

ஆகவே, சாவியை வாசலுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டுகிற, வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத ஆணியில் மாட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் நன்னியை யார் வெளியே கொண்டுவருவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். தூக்க முடியாவிட்டால் போர்வையோடு தரையில் இழுத்து வரலாம்.

பிள்ளைகளே, பயத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளியக் கூடாது. புகை மேலே போகும். தரையோடு தவழ்ந்து வெளியே வாருங்கள். சட்டையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், கீழே படுத்து உருளுங்கள்.

அடுப்படிக்கு வருவோம். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கரிமூட்டம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மண் போட்டு மூடினால் காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். தீயணைப்புக்கு 101.

தீப்புண்ணில் மை, பற்பசை, தோசைமாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மதீனாவில் இரவில் ஒரு வீடு ஆட்களோடு எரிந்த சேதி கேட்டு, தூங்குமுன் தீயை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. அன்று விளக்கு, இன்று கேஸ் ரெகுலேட்டர், கொசுவத்திச் சுருள், தலைமாட்டில் சார்ஜர்.

அடுத்த வாரமும் பிள்ளைகளிடம் அதே கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம்.