பாமினியோடு ஒரு வேலை



மாத்தளையிலிருந்து போய்க் கொழும்பில் ஒரு புத்தகப் பதிப்பகத்தின் இணையத்தளத்தைச் செய்கிறோம் நாங்கள் இருவர். அட்டைப் படத்தையும் விலையையும் போடுவதுதானே என்று ஊரில் கேட்கிறார்கள். அது அரை நாள் வேலை. மிச்சமெல்லாம் பாமினியோடுதான்.

எங்களிடம் வரும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அதில் நம் கண்ணுக்கு ‘அம்மா’. கணினிக்கோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அப்படியே ஏற்றினால் தேடுபவருக்கு நூல் அகப்படாது. யுனிக்கோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் அவை பொருளில்லாத தமிழாக்கிவிடும். ஆகவே வரிவரியாக வாசிக்கிறோம். (சம்பளத்தோடு கதை வாசிக்கும் வேலை என்று வீட்டில் கேலி.)

மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு என்று மலையக வாழ்வை எழுதியவர்கள் நம் மண்ணில் உண்டு. ரொறன்ரோவில் ஒரு பேத்தி ‘மாத்தளை’ என்று தட்டினால் அவர்களின் கதைகள் வரவேண்டாமா?

அச்சில் இல்லாத நூல்களை, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. அதற்கு முதலில் புத்தகம் கையில் வேண்டும். உங்கள் அலுமாரியில் மலையக நூலோ நம் பாடசாலையின் பழைய சஞ்சிகையோ இருந்தால், வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.