பட்டிக்காரர் சபைக்குப் போகட்டும்

படுவான்கரைப் பட்டிக்காரர்களே, தாய்மாரே, தம்பிமாரே!

"பால்காரனுக்கு என்னத்துக்கு அரசியல்? சங்கம் வைத்துப் பாலை ஊற்றினால் போதாதா?" என்று வலையிறவுப் பாலம் கடந்து வரும் படித்த மனிதர்கள் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். உடனே குஜராத்தின் அமுலைக் காட்டுகிறார்கள். காட்டட்டும்! அமுலைத் தொடங்கியவர் யார்? குரியன் என்பார்கள். குரியன் ஆனந்துக்கு வந்ததே 1949இல். 1946இலேயே கெய்ரா மாவட்டத்துச் சங்கத்தைக் கட்டியவர் திரிபுவன்தாஸ் பட்டேல். வெள்ளையனுடைய சிறையைக் கண்ட காங்கிரஸ்காரர். பச்சை அரசியல்வாதி ஐயா!

அன்று கெய்ராவிலிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமையைப் போல்சன் என்ற ஒரே கம்பெனிக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. அது வைத்ததுதான் விலை. அங்கே சமர்க்கா கிராமத்தில் பால்காரர் கூட்டம் கூடியது. 15 நாள் அந்தக் கம்பெனிக்கு ஒரு சொட்டுப் பால் போகவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. பிறகுதான் இரண்டு ஊர்ச் சங்கங்கள், நாளுக்கு 247 லீற்றர், அமுல் எல்லாம்.

நமக்கு என்ன நடக்கிறது? பெரும்போகம் விதைத்தால் வயல்வெளியில் மாடு நிற்க இடமில்லை. மயிலத்தமடுவிலும் மாதவனையிலும் மேய்ந்த நம் மாவட்டத்துப் பட்டிகளுக்கு அந்தத் தரையும் பறிபோகிறது என்று 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். 2022இல் டொலர் இல்லாமல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு, பசுவுக்குப் புல்தரை கொடுக்க யோசிக்கிறது!

அதனால்தான் பட்டிக்காரர் பிரதேச சபைக்குப் போகவேண்டும் என்கிறேன். "சபைக்குக் காணி அதிகாரம் இல்லையே" என்று ஒரு தம்பி முணுமுணுக்கிறார். சரி, இல்லை. ஊர் வீதி யாருடையது? சந்தை யாருடையது? மாரியில் வீதி முறிந்தால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகமுன் பால் திரைந்துவிடுகிறது. அந்த நட்டம் யார் கணக்கில்? சபை என்றால் நம் மாட்டை எப்போது நினைக்கிறது? கட்டாக்காலியென்று பிடித்துத் தண்டம் அடிக்கும்போது! அந்த மேசையில் பட்டி வைத்திருக்கிற ஒருவர் இருந்தால், தண்டத்துக்கு முன் மேய்ச்சல் தரையைப் பற்றித் தீர்மானம் வரும். அந்தத் தீர்மானம் மாவட்டச் செயலகத்துக்கும் மகாவலி அதிகாரிகளுக்கும் போகும். கிழித்துப் போட்டாலும், கிழித்தது யார் என்று தெரியவரும்.

இன்னொன்று. சபை இடங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்கிறது சட்டம். அந்த இடத்துக்குக் கட்சிக்காரர் தன் மச்சாளைத் தேடுவார். கன்னன்குடாவிலும் ஆயித்தியமலையிலும் விடிய முன் கன்றை அவிழ்த்துவிட்டுப் பால் கறக்கிற பெண்களை அவருக்குத் தெரியாதா?

அடுத்த தேர்தலுக்குப் பெயர் கேட்டு வீட்டுக்கு வருவார்கள். தேநீர் கொடுங்கள், நம் பால் விட்டே கொடுங்கள். பட்டியலை வாங்கிப் பாருங்கள். பால் கறக்கிறவர் பெயர் அதில் இல்லையென்றால், தேநீரோடு அனுப்பிவிடுங்கள்!